கத்தரிக்கோலுக்கு வாய்தா

"ட்ர்ர்ர்ர்ர்ங்!"

காதைக் கிழிக்கிற மாதிரி ஓர் அலாரம் அலறியது. தையல்காரி பையை மார்போடு அணைத்துக்கொண்டு வாசலை நோக்கி ஓட்டமெடுத்தாள். தீயோ திருடனோ, எதுவாக இருந்தாலும் வெளியே நின்று விசாரித்துக்கொள்ளலாம் என்பது அவள் கொள்கை. வாசலில் நின்ற சேவகர் குறுக்கே கையை நீட்டினார்.

"எங்கம்மா ஓடுறீங்க? பேசாம நில்லுங்க. ஐயா வர்றாரு."

"அதுக்கா இந்த மணி?"

"நகைக்கடைத் திருட்டு கேஸ்ல வந்த அலாரம்மா. திருடன் வந்தப்ப அடிக்கல. ஐயா வந்தா மட்டும் தவறாம அடிக்குது."

மேடைக்குப் பக்கத்துக் கதவு திறந்தது. நீதிபதி வந்தார். எல்லோரும் எழுந்து நிற்க, அவர் போய் முடிதிருத்தும் கடை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்தார். தலை சாய்க்க மெத்தை, கால் வைக்கத் தகடு, உயர்த்த ஒரு மிதிகட்டை எல்லாம் இருந்தன. இரண்டு மிதி மிதித்தார். நாற்காலியும் நீதியும் நாலு அங்குலம் உயர்ந்தன.

நாற்காலியின் கையில் ஒரு மஞ்சள் அட்டை நூலில் தொங்கியது. மேஜைக்கும் ஓர் அட்டை. சுவர்க் கடிகாரத்துக்கும் கெட்டிலுக்கும்கூட ஆளுக்கோர் அட்டை. இருபது வருஷமாகத் துணிக்கு மத்தியில் வாழ்கிறவளுக்கு அட்டை என்றால் விலைச்சீட்டுதான். பெஞ்சுக்குத் திரும்பியவள், பக்கத்தில் அரைத்தூக்கத்தில் இருந்த வக்கீலிடம் கிசுகிசுத்தாள்.

"எல்லாத்தையும் ஏலம் விடப் போறாங்களா சார்?"

வக்கீல் ஒரு கண்ணை மட்டும் திறந்தார். "அது சான்றுப் பொருள் நம்பர்மா. ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கேஸ்."

"அந்தக் கெட்டில்?"

"விஷம் வெச்ச கேஸ். நல்லாக் கழுவிட்டாங்க. டீ குடிக்கிறீங்களா?"

தையல்காரி வேண்டாம் என்று தலையசைத்தாள். அவள் டீ குடிக்க வரவில்லை. தன் கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டு போக வந்திருந்தாள்.

அவளுக்கு இடது கைப் பழக்கம். மற்றவர்களுக்கு ஆயிரம் கத்தரிக்கோல் கிடைக்கும். இடது கையால் எட்டு மடிப்புத் துணியைச் சேர்த்து வெட்டுகிற பன்னிரண்டு அங்குலக் கத்தரிக்கோல் சொல்லிவைத்துச் செய்தால்தான் உண்டு. அப்படிச் செய்து கொடுத்தவரும் தொழிலை விட்டுவிட்டு மீன் வளர்க்கப் போய்விட்டார்.

மூன்று வருஷம் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒருத்தன் கம்பளிக் குல்லாயை மூக்கு வரை இழுத்து விட்டுக்கொண்டு அவள் கடைக்குள் புகுந்தான். கையில் ஒன்றும் இல்லை. ஆயுதம் கொண்டுவர மறந்துவிட்டானோ என்னவோ, மேஜையில் கிடந்த அந்தக் கத்தரிக்கோலைத் தூக்கி நீட்டி, "இருக்கிறதை எல்லாம் எடு" என்றான். எடு என்று சொல்லி முடிக்கும் முன் தும்மினான். பஞ்சுத் தூசி அவனுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஒன்பது தும்மல். பத்தாவது தும்மலுக்கு அவள் ஒரு துண்டுத் துணியை நீட்டினாள். அவன் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தபோது, கால்சட்டையைச் சுருக்கக் கொடுத்திருந்த போலீஸ்காரர் அதை வாங்கிப்போக உள்ளே வந்தார். அன்றிலிருந்து காவல் நிலையத்திலும் சிறையிலும் அவனுக்குப் பெயர் தும்மல்.

தும்மல் உள்ளே போனான். கூடவே கத்தரிக்கோலும் போனது. வலதுகைக் கத்தரிக்கோலை இடது கையில் மாட்டி மூன்று வருஷம் மல்லுக்கட்டியதில் அவள் கட்டைவிரல் காய்ந்த சுண்டைக்காயாகிவிட்டது. வெட்டுகிற சட்டைக்கெல்லாம் ஒரு கை நீளம், ஒரு கை குட்டை. இப்போது மருத்துவமனை ஒன்று இருநூற்று நாற்பது மேலங்கி தைக்க ஆள் தேடுகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு எட்டு மடிப்பை ஒரே வெட்டில் வெட்டிக் காட்டினால் வேலை அவளுக்கு. இல்லாவிட்டால் எதிர்த்தெரு ஆயத்த ஆடைக்காரனுக்கு. அவனுக்குப் போனால் கடையைப் பூட்டிவிட்டு அவனிடமே பட்டன் தைக்கப் போக வேண்டியதுதான்.

நல்ல வேளை, இன்று தும்மலுக்குத் தண்டனை சொல்லும் நாள். 'தண்டனை அறிவிக்கப்பட்டதும் சான்றுப் பொருள் உரியவரிடம் ஒப்படைக்கப்படும்' என்று அவளுக்கு வந்த காகிதத்தில் தடித்த எழுத்தில் இருந்தது.

"சரக்."

அந்தச் சத்தம் கேட்டு அவள் சடாரென்று திரும்பினாள். பெற்ற பிள்ளையின் அழுகையை எந்தத் தாய்க்குத் தெரியாது? மேடைக்குக் கீழே தலைமை எழுத்தர் அவளுடைய கத்தரிக்கோலால் வழக்குக் கட்டின் அட்டையை வெட்டிக்கொண்டிருந்தார். துணி வெட்டும் கத்தரிக்கோலால் காகிதத்தை வெட்டினாலே கூர் போய்விடும். இது அட்டை! அதையும் இடது கையால், பழகிய லாவகத்தோடு.

"ஐயோ, காகிதத்தை வெட்டாதீங்க சார்!" என்று எழுந்துவிட்டாள்.

தலைமை எழுத்தர் நிமிர்ந்து பார்த்தார். "தள்ளி நில்லுங்கம்மா. ஆபத்தான ஆயுதம் இது." சொல்லிவிட்டு இன்னொரு அட்டையை எடுத்தார்.

"அவருக்கும் இடது கையா?" என்று வக்கீலிடம் கேட்டாள்.

"வலது கைதான். இது வந்ததுக்கு அப்புறம் ஆறு மாசம் பழகி மாத்திக்கிட்டாரு. இப்ப சாப்பாடு வரைக்கும் இடது கைதான். வீட்டுல சண்டையாம்."

வழக்கு கூப்பிடப்பட்டது. தும்மல் கூண்டில் ஏறினான். ஏறியவன் கண் தையல்காரி மேல் விழுந்தது.

"அக்கா! நல்லா இருக்கீங்களா?"

"இருக்கேன் தம்பி. நீ இளைச்சிட்டியே."

"கூண்டில் நிற்பவர் குசலம் விசாரிக்கக்கூடாது" என்றார் நீதிபதி. "அரசுத் தரப்பு தொடங்கலாம்."

அரசு வக்கீல் எழுந்தார். தொண்டையைக் கனைத்து, மூன்றாவது வரிசைக்கும் கேட்கும்படி ஆரம்பித்தார்.

"கனம் நீதிபதி அவர்களே! இது வெறும் கத்தரிக்கோல் அல்ல. பன்னிரண்டு அங்குலம்! நினைத்தாலே குலை நடுங்குகிறது. இப்படிப்பட்ட ஒரு கொலைக்கருவி மனிதர்கள் நடமாடும் இடத்தில் ஒரு நொடிகூட இருக்கலாகாது!" என்று முழங்கியபடியே பக்கவாட்டில் கையை நீட்டினார். தலைமை எழுத்தர் அந்தக் கையில் கொலைக்கருவியை வைத்தார். அரசு வக்கீல் மாத்திரை அட்டையில் ஒன்றை வெட்டி எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, கத்தரிக்கோலைத் திருப்பிக் கொடுத்தார். "ஆகவே, இந்தக் குற்றத்தின் கொடுமையை இந்த மன்றம் அவசரப்படாமல், ஆற அமர, இன்னும் பல மாதங்கள் யோசித்தே தண்டிக்க வேண்டும். அதுவரை வாய்தா கேட்கிறேன்."

அரைத்தூக்க வக்கீல் எழுந்தார். அவர்தான் தும்மலின் வக்கீல்.

"எதிர்க்கிறேன், ஐயா. என் கட்சிக்காரருக்கு உடனடியாக, அதிகபட்சத் தண்டனை வேண்டும்."

தையல்காரி தன் காதைத் தானே தேய்த்துக்கொண்டாள். கொள்ளையனைக் காப்பாற்ற வேண்டியவர் தண்டி என்கிறார். தண்டிக்கச் சொல்ல வேண்டியவர் வேண்டாம் என்கிறார். சட்டைக்கு முன்பக்கத்தைப் பின்பக்கமாக வைத்துத் தைத்த கதையாக இருந்தது.

தும்மல் கைகூப்பினான். "ஐயா, கொள்ளை முயற்சி, ஆயுதம் வெச்சிருந்தது, ரெண்டுக்கும் சேர்த்தே அதிகபட்சம் ரெண்டு வருஷம்தானாம். நான் உள்ள வந்தே மூணு வருஷம் ரெண்டு மாசம் ஆச்சு. தண்டனை குடுத்துட்டீங்கன்னா நான் வீட்டுக்குப் போயிடுவேன். நான் வரும்போது என் பொண்ணு தவழ்ந்துக்கிட்டிருந்தா. இப்ப ஓடுறாளாம். ஓடிப்போய் பக்கத்து வீட்டுக்காரரை அப்பாங்கிறாளாம்."

நீதிபதி அவனைக் கூர்ந்து பார்த்தார். "தண்டனையைக் கண்டு அஞ்ச வேண்டியவன் இப்படி ஆசைப்படுகிறாய். இதிலிருந்தே நீ திருந்தவில்லை என்று தெரிகிறது."

"பயந்தா குடுப்பீங்களாய்யா?"

"பயந்தால், இன்னும் தயாராகவில்லை என்று பொருள். அப்போதும் வாய்தாதான்." மிதிகட்டையை ஒருமுறை மிதித்தார். "எதற்கும் அந்த ஆயுதத்தை மேஜையில் வையுங்கள். பார்க்கிறேன்."

தலைமை எழுத்தர் தலையைச் சொறிந்தார். "ஐயா, இப்பத்தான் பக்கத்துக் கோர்ட்டுல வாங்கிட்டுப் போனாங்க. கொலைக் கேஸ் கட்டைப் பிரிக்கணுமாம்."

ஆயுதம் வரும்வரை நீதிமன்றம் கெட்டிலைச் சுட வைத்தது.

அந்த இடைவேளையில் தையல்காரி வக்கீலைப் பிடித்துக்கொண்டாள். "என்ன சார் நடக்குது இங்க? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல."

"ரொம்ப சுலபம்மா. கேஸ் முடிஞ்சா பொருளைச் சொந்தக்காரங்களுக்குக் குடுத்துடணும். அது சட்டம். இந்தக் கோர்ட்டுக்குச் சாமான் வாங்க அனுமதி கேட்டுப் பதினோரு வருஷமாச்சு. பதில் வரல. அதனால கேஸ்ல என்ன வருதோ அதை வெச்சு ஓட்டுறோம். ஐயா உக்கார்ற நாற்காலி பதினாலு வருஷக் கேஸ். முடிச்சா எங்க உக்காருவாரு?"

"அப்ப இந்தக் கோர்ட்டுல எந்தக் கேஸும் முடியாதா?"

"முடியுமே! பொருள் எதுவும் இல்லாத கேஸெல்லாம் மடமடன்னு முடியும். நேத்து ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரரைத் திட்டின கேஸ். பத்து நிமிஷம்." குரலைத் தாழ்த்தினார். "போன வருஷம் புதுசா ஒரு நீதிபதி வந்தாரு. நேர்மையானவரு. ஒரே மாசத்துல எட்டுக் கேஸை முடிச்சாரு. எட்டாவது தீர்ப்பை விளக்குகூட இல்லாம இருட்டுல சொன்னாரு. அன்னைக்குப் போனதுதான் மேல இருந்த மின்விசிறியும்."

தையல்காரி அண்ணாந்து பார்த்தாள். கூரையில் ஒரு கொக்கி மட்டும் தொங்கியது. அதற்கு நேர் கீழே நீதிபதி ஒரு குற்றப்பத்திரிகையால் விசிறிக்கொண்டிருந்தார்.

"கத்தரிக்கோல் இந்தக் கட்டடத்துக்கே ஒண்ணுதான்" என்று முடித்தார் வக்கீல். "அது போச்சுன்னா ஏழு கோர்ட்டுலயும் ஒரு கட்டைப் பிரிக்க முடியாது. பல்லால கடிச்சுத்தான் நீதி வழங்கணும்."

கூண்டிலிருந்து தும்மல் எட்டிப் பார்த்தான். "அக்கா, மன்னிச்சிடுங்க. அன்னைக்கு நான் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கியிருக்கணும். அது இங்க ரெண்டு இருக்கு."

தையல்காரிக்குச் சட்டென்று ஒரு யோசனை. துணி பற்றாவிட்டால் ஒட்டுப் போட வேண்டும், அவ்வளவுதானே! அவள் பையில் வலதுகைக் கத்தரிக்கோல் இருந்தது. காலையில்தான் சாணை பிடித்து வாங்கியிருந்தாள். நீதிமன்ற வாசலில் பையைச் சோதிக்கிற கருவி ஒன்று முன்பு இருந்ததாம். அதுவும் ஒரு வழக்கில் வந்தது. வழக்கு முடிந்ததும் சோதனையும் முடிந்துவிட்டது.

இடக்கைக் கத்தரிக்கோல் பக்கத்து நீதிமன்றத்திலிருந்து திரும்பி வந்ததும் அவள் எழுந்தாள்.

"ஐயா, கத்தரிக்கோல் இல்லாமத்தான் உங்களுக்குக் கஷ்டம்னா நான் வேற ஒண்ணு தர்றேன். சும்மாவே வெச்சுக்கங்க. அதைக் குடுத்துடுங்க."

மன்றம் அதிர்ந்தது. நீதிபதி நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா! யாரிடம் பேசுகிறீர்கள் தெரியுமா? இந்த நீதிமன்றம் முப்பது வருஷமாக யாரிடமும் ஒரு குண்டூசிகூட இனாமாக வாங்கியதில்லை. இனாம் என்றால் லஞ்சம். இங்கே இருக்கிற ஒவ்வொரு பொருளும் குற்றத்தின் வழியாக, முறைப்படி, நேர்மையாக வந்தது!"

"அப்ப குற்றம் நடந்தா வாங்கிக்குவீங்களா?"

"குற்றம் நடந்தால் வாங்காமல் இருக்க எங்களுக்கு அதிகாரமே இல்லை."

சொல்லிவிட்டு நீதிபதி சுவரைப் பார்த்தார். தலைமை எழுத்தர் கூரையைப் பார்த்தார். அரசு வக்கீல் தன் காலணியைப் பார்த்தார். நீதி கண்ணைக் கட்டிக்கொண்டிருக்கும் என்று தையல்காரி கேள்விப்பட்டிருந்தாள். இப்படித் திரும்பிக்கொண்டு வசதி செய்து கொடுக்கும் என்று கேள்விப்பட்டதில்லை.

பைக்குள் கைவிட்டாள். இதுவரை அடுத்த வீட்டு மாவிலையைக்கூடக் கேட்காமல் பறித்ததில்லை. நாளைக் காலை பத்து மணியை நினைத்துக்கொண்டாள். வலதுகைக் கத்தரிக்கோலை உருவித் தலைமை எழுத்தரின் முன்னால் நீட்டினாள்.

"எடுங்க" என்றாள், கெஞ்சுகிற குரலில்.

"பத்தாதும்மா" என்றார் அரசு வக்கீல், காலணியிலிருந்து கண்ணை எடுக்காமல். "அச்சுறுத்தல் இருக்கணும்."

"அக்கா, குரலை உசத்துங்க!" என்று கூண்டிலிருந்து சொல்லிக்கொடுத்தான் தும்மல். "'எடுங்க' இல்ல, 'எடு'. மரியாதை குடுத்தா கேஸ் நிக்காது. கையை நேரா நீட்டுங்க. கண்ணை உருட்டுங்க."

"எடு!" என்று கத்தினாள் தையல்காரி. "என் கத்தரிக்கோலை எடுடா! இல்லேன்னா... இல்லேன்னா உன் சட்டைக் கையைக் குட்டையாக்கிடுவேன்!"

தலைமை எழுத்தர் இரண்டு கைகளையும் உயர்த்தினார். இருபத்தாறு வருஷப் பணியில் அவர் இவ்வளவு சந்தோஷமாக எந்த வேலையும் செய்ததில்லை. "ஐயோ, பயமா இருக்கு ஐயா. குறிச்சுக்கங்க."

"குறித்துக்கொண்டேன்" என்றார் நீதிபதி. "போதும் அம்மா, வாங்கிவிடாதீர்கள். முயற்சி மட்டும்தான் வேண்டும். வெற்றி பெற்றால் வேறு பிரிவு."

சேவகர் வந்து, "கொஞ்சம் குடுங்கம்மா" என்று வலதுகைக் கத்தரிக்கோலைப் பணிவாக வாங்கிக்கொண்டார். மஞ்சள் அட்டை தயாராக இருந்தது. அதில் எண்கூட எழுதியிருந்தது.

அதற்குப் பிறகு நீதி பறந்தது. நீதிபதி மிதிகட்டையை மிதித்துக்கொண்டே போனார். நாற்காலி அதன் உச்சத்துக்கு ஏறி, அவர் தலை கூரைக் கொக்கிக்கு ஒரு சாண் கீழே வந்து நின்றது.

"கொள்ளை முயற்சிக்கும் ஆயுதம் வைத்திருந்ததற்கும் இரண்டு வருஷம். நீதி தாமதிக்காது என்பதை இந்த வழக்கு நாட்டுக்குச் சொல்லட்டும். குற்றவாளி ஏற்கெனவே அனுபவித்துவிட்டபடியால் இன்றே விடுதலை."

தும்மலின் கண் கலங்கியது. பிறகு அவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது. "ஐயா, கூடுதலா ஒரு வருஷம் ரெண்டு மாசம் இருந்துட்டேனே. அது?"

"திருப்பித் தர வழியில்லை. அடுத்த குற்றத்தில் கழித்துக்கொள்ளலாம்."

"எனக்கு வேண்டாங்கய்யா. அக்காவுக்கு மாத்திக் குடுக்க முடியுமா? என்னாலதானே அவங்களுக்கு இந்தக் கேஸு."

நீதிபதி நெகிழ்ந்துபோனார். நாற்காலி மெல்ல இரண்டு அங்குலம் இறங்கியது. "தேவையில்லை. அம்மா, நீங்கள் எதற்கும் கவலைப்படாதீர்கள். சொந்தப் பொறுப்பில் வீட்டுக்குப் போகலாம். மாதம் ஒருமுறை வந்து தலையைக் காட்டினால் போதும். இந்தக் கத்தரிக்கோல் வெட்டுகிற வரைக்கும் உங்களுக்கு இந்த மன்றம் தண்டனை தரவே தராது. இது என் வாக்கு."

தையல்காரிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. ஒரு கையால் குற்றப்பத்திரிகையை வாங்கினாள். இன்னொரு கையால் இடக்கைக் கத்தரிக்கோலை வாங்கினாள். கட்டைவிரல் அதன் வளையத்துக்குள் தானாகப் போய் உட்கார்ந்தது. ஒருமுறை திறந்து மூடினாள். 'சரக்' என்றது, 'சறுக்' என்று வழுக்க வேண்டியது. அட்டை தின்ற வாய். ஆனாலும் சாணைக்காரர் ஆறு மணி வரை இருப்பார். இன்று தீட்டினால் நாளை எட்டு மடிப்பு வெட்டும். பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டினாள்.

வாசலில் தும்மல் அவளுக்காகக் காத்து நின்றான். "அக்கா, பொண்ணுக்கு ஒரு கவுன் தைக்கணும். அளவு எனக்குத் தெரியாது. கூட்டிட்டு வரட்டுமா?"

"கூட்டிட்டு வா. நீ மட்டும் வெளியவே நில்லு. தும்மித் தொலைப்பே."

இருவரும் படி இறங்கினார்கள். பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம். திரும்பினாள். தலைமை எழுத்தர். புதுக் கத்தரிக்கோலை வலது கையில் மாட்டியிருந்தார். விரல்கள் இன்னும் அதற்குப் பழகவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியில் சொட்டியது. அதைத் துடைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் பார்த்து, பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா, அடுத்த வாய்தாவுக்கு வர்றதுக்குள்ள... உங்க கடையில மின்விசிறி நல்லா ஓடுதா?"